பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ், ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்

காலை ஒன்பது பத்து. போனில் காத்திருப்பவர்கள் நான்கு பேர். வரிசையில் முதல் பெயர் ராமசாமி, ஊர் டெக்சஸ் மாநிலம் கேட்டி.

டிராவல் ஏஜென்சி வேலை என்பது, தான் பார்த்தே இராத ஊர்களுக்கு அடுத்தவர்களை அனுப்பிவைக்கும் வேலை. அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் விமானக் கம்பெனிக்குப் பெயர். சேராவிட்டால் திட்டு நமக்கு. நான் இந்த வேலையை 1996 முதல் 1998 வரை பார்த்தேன். நியூ ஜெர்சி எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில், நகைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் பதினான்கு வருஷம் செய்தி மேசை. மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது, நானும் வந்தேன். தமிழில் பேசி டிக்கெட் வாங்கலாம் என்பதால் டெக்சஸ், கலிபோர்னியாவிலிருந்தெல்லாம் எங்களுக்கு போன் வரும். முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர்.

டிக்கெட் விற்றுத் திட்டு வாங்கியவர்களும் டிக்கெட் வாங்கி நடுவழியில் நின்றவர்களும் இதைப் படிக்கலாம். எழுதும்போது எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கும் வந்தால் தப்பில்லை.

கேட்டி அங்கிள்

ராமசாமி எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். அமெரிக்கா வந்து இருபத்திரண்டு வருஷம். 1998 ஜனவரியில் மனைவியோடு சென்னை போக வேண்டும், இடம் கேட்டார். நியூவார்க்கிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வரை மலிவாக இடம் இருந்தது. பிரஸ்ஸல்ஸிலிருந்து இந்தியாவுக்கு இல்லை. பாரிஸிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு இருந்தது. நான் "ஸாரி அங்கிள்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிரஸ்ஸல்ஸில் இறங்கி, ரயில் பிடித்து, பாரிஸ் போய் அடுத்த விமானம் ஏறுவது.

"முந்நூறு கிலோமீட்டர் அங்கிள். நடுவுல ஸ்டேஷன், ஏர்போர்ட், பெட்டி எல்லாம் இருக்கு" என்றேன்.

"நூத்தித் தொண்ணூறு மைல்னு சொல்லு. புது ரயில் விட்டிருக்கான், ஒரு மணி இருபத்தஞ்சு நிமிஷம், டிவில பாத்தேன்."

போனார். போய்ச் சேர்ந்தார். நடுவில் பாரிஸில் ஒரு காபியும் குடித்தார். திரும்பி வந்ததும் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஸ்பீக்கரில் அவர் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "தம்பி, நான் கேட்டிலேர்ந்து டல்லாஸ் போய் ஒரு மீட்டிங் முடிச்சு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றவன். என்கிட்ட ஐரோப்பாவைக் காட்டிப் பயமுறுத்தாதே!"

சுவரில் இருந்த உலகம்

எங்கள் சுவரில் உலக வரைபடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அச்சடித்தது. ஆகவே அமெரிக்கா நடுவில், சட்டையைத் திறந்துவிட்டு உட்கார்ந்த பண்ணையார் மாதிரி இருக்கும். இந்தியா வலது ஓரத்தில் சட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கடுத்த பர்மாவைப் பார்க்க இடது ஓரத்துக்கு நடக்க வேண்டும். ஐரோப்பா ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும்.

ராமசாமியின் பாராட்டைக் கேட்ட அண்ணாச்சி நேராக வரைபடத்துக்குப் போனார். பால்பாயிண்ட் பேனாவின் மூடியைக் கழற்றி பிரஸ்ஸல்ஸுக்கும் பாரிஸுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். மூடி இரண்டு ஊரையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அதே மூடியை எடிசன் மேல் வைத்து வாஷிங்டன் வரை அளந்தார். அவருக்குத் திருப்தி.

அடுத்த வாரம் தமிழ்ச் சங்க மலரில் எங்கள் விளம்பரம் வந்தது. "இரு நகர டிக்கெட்! பிரஸ்ஸல்ஸில் இறங்குங்கள், பாரிஸில் ஏறுங்கள். இடைவெளி 1 மணி 25 நிமிடம்!" வாசகத்தில் பிழை இருக்கிறதா என்று பார்க்க என்னிடம்தான் கொடுத்தார். இருபது வார்த்தைகூட இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. தூரம் சரி, நேரம் சரி, ரயில் நிஜம். ஒரு செய்தியில் எழுதியதெல்லாம் சரியாக இருந்து, எழுதாமல் விட்டதில் ஆள் செத்துப்போவதை நான் மதுரையிலேயே பார்த்திருக்கிறேன். இருந்தும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"முந்நூறு கிலோமீட்டர்னா திருநெல்வேலிலேருந்து திருச்சி வே. அதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்குதீரு?" என்றார் அண்ணாச்சி.

ஃப்ரீமாண்ட்டில் மூன்று போன்கள்

கலிபோர்னியா ஃப்ரீமாண்ட்டிலிருந்து சீனிவாசன் கூப்பிட்டார். படுக்கையறை போனில் அவர், சமையலறை போனில் மனைவி லலிதா.

"பிரஸ்ஸல்ஸ் டு பாரிஸ் டிரைவ் பண்ணிடலாமா சார்? ரென்டல் கார் எடுத்தா மூணு மணி நேரம்தானே?"

"இவர் ஓட்டினா ஆறு" என்றது சமையலறை. "பாதில ரெஸ்ட் ஏரியா வந்தா எல்லாத்துலயும் நிறுத்துவார். சார், அங்கெல்லாம் ரெஸ்ட்ரூம் சுத்தமா இருக்குமா?"

"லலிதா, நீ போனை வை. அவர் ஏஜென்ட், அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஏஜென்ட்டுக்கே தெரியாதுன்னா நாம எதுக்குப் போறோம்?"

இருபது நிமிடம். லாஸ் ஏஞ்சலஸ் போன கதை, அதில் வழி தவறிய கதை, அதற்கு யார் காரணம் என்ற வழக்கு, எல்லாம் என் காதில் நடந்தன. நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க் போகிறோம், யாரும் கேட்பதில்லை. டெக்சஸிலிருந்து லூசியானா போகிறோம், சாலையோரம் ஒரு வரவேற்புப் பலகை, அவ்வளவுதான். பத்து வருஷம் இப்படி ஓட்டிப் பழகியவனுக்கு எல்லை என்றால் பெட்ரோல் விலை மாறும் இடம். விசாவுக்காகச் சென்னையில் விடியற்காலையில் வரிசையில் நின்றவர்கள்தான் எல்லோரும். அமெரிக்காவுக்குள் வந்ததும் அந்த வரிசை அவர்களுக்கு மறந்துபோகிறது. எனக்கும் மறந்திருந்தது.

மூன்றாவதாக ஒரு போனை யாரோ எடுக்கும் சத்தம். அவர்கள் மகள், பத்து வயது இருக்கும். இங்கேயே பிறந்தவள். அப்பா அம்மா பேசிய தமிழ் முழுவதையும் புரிந்துகொண்டு, அலுப்போடு ஒரே வரியில் பதில் சொன்னாள்: "டாட், தட்ஸ் அ டிஃபரன்ட் கன்ட்ரி."

இர்விங் மாப்பிள்ளை

மே மாதம் சரவணன் வந்தான், போனில்தான். டெக்சஸ் இர்விங்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராமர். சொந்த ஊர் ஈரோடு. ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை காலை கோபிசெட்டிபாளையத்தில் அவனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. பெண் பெயர் மகேஸ்வரி, கூட்டுறவு வங்கியில் வேலை. அமெரிக்கா வரப்போவதால் வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு லீவு பதினொரு நாள். அதற்குள் போக வேண்டும், தாலி கட்ட வேண்டும், பெண்ணுக்கு விசா வாங்க வேண்டும், திரும்ப வேண்டும். நம்மவர்களின் கல்யாணங்கள் அப்போது இப்படித்தான் நடந்தன, தீயணைப்பு வண்டி வேகத்தில்.

ஜூனில் பள்ளி விடுமுறை. இந்தியா போகும் எல்லா விமானமும் நிரம்பியிருந்தது. மிச்சமிருந்தது அண்ணாச்சியின் இரு நகர டிக்கெட். திங்கள் டல்லாஸில் ஏறினால் செவ்வாய் காலை பிரஸ்ஸல்ஸ், செவ்வாய் மாலை பாரிஸில் விமானம், புதன் மாலை சென்னை, வியாழன் காலை ஈரோடு. தாளில் அழகாக இருந்தது.

அன்றுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது. "தம்பி, பிரஸ்ஸல்ஸ்ல ஏர்போர்ட்டை விட்டு வெளிய வரணுமே. விசா இருக்கா?"

"இருக்கு சார். ஹெச்-ஒன். ரெண்டாயிரம் வரைக்கும் வேலிட்."

அது அமெரிக்க விசா. பெல்ஜியத்துக்காரனுக்கு அது வெறும் ஸ்டிக்கர். ராமசாமியிடம் இருந்தது அமெரிக்கப் பாஸ்போர்ட், அதனால் அவர் காபி குடித்தார். இவனிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். ஒரே விமான நிலையத்துக்குள் விமானம் மாறினால் பிரச்சினை இல்லை. வெளியே கால் வைத்தால் விசா வேண்டும். இதை நான் கேட்டு உறுதி செய்துகொள்ள நினைத்தேன். பெல்ஜியம் தூதரகத்துக்கு போன் போட்டேன். பதிவு செய்த குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அரை மணி நேரம் அழுத்தினேன். அதற்குள் அண்ணாச்சி என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, அவன் போக முடியாதுன்னு நினைக்கேன். டிக்கெட் போட வேண்டாம்."

"கேட்டி அங்கிள் போகலையா?"

"அவரு சிட்டிசன்."

"நீரு இன்னும் பேப்பர்லயே இருக்கீரு வே. ரெண்டு பேர்கிட்ட கேட்டு உறுதி பண்ணாம ஒரு வரி எழுத மாட்டீரு. இங்க கஸ்டமர் காத்துக்கிட்டிருக்கான்."

டிக்கெட்டை அச்சிட்டது அண்ணாச்சி அல்ல. நான்தான். மேசையில் கணினி என் முன்னால் இருந்தது, பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது. இதை எந்த இடத்திலும் நான் மாற்றிச் சொன்னதில்லை. சரவணனிடம் மட்டும் தனியாகச் சொன்னேன், தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள் என்று. அவன் கேட்கவில்லை. வேலையில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸாம்.

அன்று கடை பூட்டும்போது அண்ணாச்சி என் தோளில் தட்டிச் சொன்னது: "அவன் கல்யாணத்துக்குப் போறான் வே, பெல்ஜியத்துல குடியேறவா போறான்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து பத்து நிமிடம். பிரஸ்ஸல்ஸிலிருந்து கலெக்ட் கால், எடுப்பவர்தான் காசு கட்ட வேண்டும். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று ஆபரேட்டர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன்.

"சார், விட மாட்டேங்கறான் சார். பெல்ஜியம் விசா எங்கங்கறான். நான் ஒரு மணி நேரம்தான் சார் உங்க நாட்டுல இருப்பேன், ரயிலேறிப் போயிடுவேன்னு சொல்லிப் பாத்துட்டேன். கல்யாணப் பத்திரிகையக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பாக்கறான், தமிழ்ல இருக்கு."

அவன் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரி உள்ளே போய்விட்டார். சரவணன் ஒரு பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். பாரிஸ் விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ரயில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்தான். தூரத்தில் ஒரு குறையும் இல்லை.

நான் தெரிந்த விமானக் கம்பெனிகளையெல்லாம் கூப்பிட்டேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து நேராக இந்தியாவுக்கு அடுத்த இடம் வியாழக்கிழமை காலை. அதில் ஏறினால் வெள்ளி காலை சென்னை, மாலை கோபி. தாலி கட்ட வேண்டியவன் மண்டபத்துக்குப் பந்தி முடிந்து இலை எடுத்தபின் வருவான். லண்டன் வழி கேட்டேன், இல்லை. பிராங்க்ஃபர்ட் வழி கேட்டேன், இல்லை. ஒரு பெண்மணி மட்டும் இரக்கப்பட்டு, பாரிஸிலிருந்து இன்றிரவு ஒரு இடம் காலியாக இருக்கிறது, அவரால் பாரிஸ் வர முடியுமா என்று கேட்டார். நான் போனை வைத்தேன். மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எங்கேயாவது எறிய வேண்டும் போலிருந்தது. வரைபடம் எதிரில்தான் இருந்தது. எறியவில்லை.

சரவணன் இரண்டு நாள் அந்தப் பெஞ்சில் கிடந்தான். கல்யாண வீட்டுக்கு அவனே போன் செய்து சொன்னான். அண்ணாச்சியிடம் நான் அன்று பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது. மரியாதைச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அவர் பதறவில்லை. முகூர்த்தம், மண்டபம், அடுத்து வரும் ஆடி மாதம், எல்லாம் தெரிந்த மனிதர்தான். இரண்டு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு நாள் தள்ளி வச்சா என்னவாம்?"

கோபியிலிருந்து ஒரு போன்

தள்ளி வைக்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். வெள்ளி மாலை சரவணன் ஈரோடு போய்ச் சேர்ந்தான். அதற்குள் அவன் அம்மா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெண்ணின் ஜாதகத்தில்தான் கோளாறு, மாப்பிள்ளையைக் கடல் தாண்டித் தடுத்து நிறுத்தியது அதுதான் என்று முடிவாகிவிட்டது. பெல்ஜியம் அரசாங்கம், எங்கள் ஏஜென்சி, அண்ணாச்சியின் பேனா மூடி, என் விரல், யாருமே குற்றவாளி இல்லை. கோபியில் வாசலில் வாழைமரம் கட்டி உட்கார்ந்திருந்த பெண் குற்றவாளி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே கூப்பிட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அங்கே மாலை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"ஏனுங்க, நீங்கதான் அவருக்கு டிக்கெட் போட்டவருங்களா?"

"ஆமாம்மா."

"நான் மகேஸ்வரிங்க. சண்டை போடறதுக்குக் கூப்பிடலீங்க. ஒண்ணு மட்டும் கேக்கோணும். பிரஸ்ஸல்ஸுக்கும் பாரிஸுக்கும் எவ்வளவு தூரமுங்க?"

சொன்னேன். முந்நூறு கிலோமீட்டர்.

"கோபிலிருந்து மெட்ராஸ் இதைவிடத் தூரமுங்க. அங்க போறதுக்கு ஜாதகம் பாக்கறதில்லீங்களே."

அவளுக்கு ஒரு கடிதம் வேண்டும். மாப்பிள்ளை நின்றது விசா இல்லாததால், அதைச் சொல்லாமல் டிக்கெட் விற்றது ஏஜென்சியின் தப்பு என்று ஏஜென்சித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பூத்தில் ஃபேக்ஸ் இருக்கிறது, நம்பர் சொல்கிறேன் என்றாள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், தங்கைக்கு அடுத்த வருஷம் பார்க்க வேண்டும், ராஜினாமா செய்த வேலைக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. எல்லாவற்றையும் பட்டியல் படிப்பது போல வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி முடியாது என்றார். எழுதிக் கொடுத்தால் நாளை கேஸ் வரும் என்றார். நான் அவர் எதிரிலேயே தாளை எடுத்தேன். பதினான்கு வருஷத்தில் எழுதிய எந்தச் செய்திக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. எட்டு வரி. தேதி, விமானம், விசா விதி, தப்பு யாருடையது. என் பெயர் போட்டு ஃபேக்ஸ் செய்தேன். பிரதியை அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "தமிழு நல்லாத்தான் எழுதுதீரு. நாளைலேருந்து வர வேண்டாம்."

ஒரு மாதிரி இருக்கு சார்

ஜூலை முதல் வாரத்தில் சரவணன் இர்விங் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டு வீட்டிலிருந்து கூப்பிட்டேன். அந்தக் கடிதம் கோபியிலிருந்து ஈரோடு போயிருக்கிறது. பெண்ணின் மாமா நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"படிச்சேன் சார். கரெக்டாதான் எழுதியிருந்தீங்க."

"அப்புறம் என்ன தம்பி? நீதானே அந்தப் பெஞ்சுல இருந்தே. விசா இல்லாமதான் நின்னேன்னு உனக்குத் தெரியும். அம்மாகிட்ட நீ சொல்ல வேண்டாமா?"

"சொன்னேன் சார். அம்மா, 'லெட்டரு வந்துட்டா ராசி மாறிடுமா'ன்னாங்க."

"உனக்கு என்ன தோணுது?"

இவன் அமெரிக்காவில் ஒரு வங்கியின் கணக்குகளையெல்லாம் பிழையில்லாமல் ஓடவைக்கும் புரோகிராம் எழுதுகிறவன். ஒரு வரி தப்பினால் எங்கே தப்பியது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். சுற்றி வளைக்காமல் பதில் சொன்னான், அதற்காக அவனை மன்னிக்கவும் முடியவில்லை.

"எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்ல சார். ஆனா எல்லாரும் சொல்றப்ப ஒரு மாதிரி இருக்கு."

கடிதம்

மகேஸ்வரியிடமிருந்து இன்னொரு முறை போன் வந்தது. முதலில் ஏஜென்சிக்குப் பேசியிருக்கிறாள், அங்கே அண்ணாச்சி என்ன நினைத்தாரோ, என் வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான்.

கடிதத்தால் காரியம் ஆகவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். மன்னிப்புக் கேட்டேன். டிக்கெட் போட்டது நான்தான், போடாமல் இருந்திருக்கலாம் என்று சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததற்கு அவள் மேல் எனக்கு மரியாதை கூடியது. வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். ஃபேக்ஸ் தாளில் எழுத்து கொஞ்ச நாளில் அழிந்துவிடுமாமே, உண்மைதானா என்று விசாரித்தாள். உண்மைதான் என்றேன். அப்படியானால் அசலைத் தபாலில் அனுப்ப முடியுமா என்றாள்.

"காரியம் நடக்கலையேம்மா, இனி அது எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அடுத்துப் பொண்ணு பாக்க வர்றவங்க கேப்பாங்கல்லங்க, அந்தக் கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு. அவங்களுக்குக் காட்டறதுக்கு."

அசலை மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன்; 1998 செப்டம்பர் 6-ஆம் தேதி ஈரோட்டில் சரவணனுக்குக் கல்யாணம் நடந்தது, பெண் வேறு, வழி லண்டன்.